வாசம் போன மாதங்கள்

இருபத்திரண்டு வயதில் எனக்கு டைபாய்டு வந்தது. மதுரையில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காய்ச்சல் இறங்கி, கஞ்சிப் பத்தியம் முடிந்து, அம்மா அயிரை மீன் குழம்பு வைத்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, காரம் நாக்கைச் சுட்டது. குழம்பை மட்டும் காணோம். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனேன். வெந்நீரை முகர்ந்ததுபோல் இருந்தது.

அம்மாவிடம் சொல்ல மனம் வரவில்லை. "நல்லாருக்கும்மா" என்றேன். இரண்டு வாய்க்குமேல் இறங்காத சோற்றை, அவள் அந்தப் பக்கம் போனதும் பூனைக்குப் போட்டேன். பசி வயிற்றில் இருக்கிறது என்றே அதுவரை நம்பியிருந்தேன். தாளிக்கிற வாசம் எட்டாதபோது என் வயிறு எதையும் கேட்கவேயில்லை. ரவிக்கைகள் தோளில் நிற்காமல் சரிந்தன.

மறுபடி வேலையில் சேர டாக்டர் சான்று வேண்டும். ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் எடை பார்த்தார். எழுபத்தெட்டு ராத்தல்.

"காய்ச்சல்ல கெடந்தப்பகூட இதைவிட அதிகம் இருந்தியே. ஒரு மாசம் தாரேன். எடை ஏறலைன்னா கையெழுத்துப் போட மாட்டேன்."

வெளியே வந்ததும் அழுதுவிட்டேன். துணைக்கு வந்திருந்த மதினியிடம், என் அண்ணன் மனைவியிடம், முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். அவள் பதறவில்லை.

"பசிச்சாத்தான் சாப்பிடணும்னு யாரு சொன்னா? மருந்தைப் பசிச்சா குடிக்கிறோம்? மணியைப் பாத்துச் சாப்பிடு."

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மாதான் உடைந்துபோனாள். "இம்புட்டு நாளும் நல்லாருக்குன்னு பொய்யா சொன்ன?"

"பொய்தாம்மா. இனிமே சொல்ல மாட்டேன். நீங்க வைக்கிறதைத் தின்னு முடிக்காம எந்திரிக்கவும் மாட்டேன்."

அன்றிலிருந்து நாளுக்கு ஐந்து வேளை. அம்மாவும் சளைக்கவில்லை. வாசத்தை நம்பிச் சமைப்பதை விட்டுவிட்டு, பல்லுக்கும் நாக்குக்கும் சமைத்தாள். நொறுங்குகிற அப்பளம், வறுத்த நிலக்கடலை, எலுமிச்சை பிழிந்து மிளகு தூவிய சோறு, சூடான களியின்மேல் குளிர்ந்த தயிர். சில நாள் குமட்டிக்கொண்டு வரும். தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வாயை எடுப்பேன். ருசியில்லாத ஒன்றை விழுங்குவது எவ்வளவு பெரிய உழைப்பு என்று எனக்குத் தெரியும். ஒரு மாதத்தில் பத்து ராத்தல் ஏறியது. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

ஆறு மாதம் கழித்து, வகுப்பில் ஒரு பிள்ளை தூக்குவாளியைத் திறந்தபோது கருவாட்டு வாசம் வந்து அடித்தது. கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு வந்த சோதனை வேறு மாதிரி. இழந்த மாதங்களுக்கெல்லாம் சேர்த்துத் தின்றேன். வடை சுடும் கடை இருக்கிற தெருவில் என் கால்கள் தாமாகவே நின்றன. ஒரு வருஷத்தில், சரிந்த அதே ரவிக்கைகளின் தையலைப் பிரித்துவிட வேண்டியதாயிற்று. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது.

மூக்கு சொல்வதையெல்லாம் வயிறு சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானித்தேன். வேறு தெரு வழியாகப் பள்ளிக்கு நடந்தேன். திருமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் நெய் மணக்க இரண்டாம் முறை கேசரி வந்தது. இலையின்மேல் கையை விரித்தேன்.

"இம்புட்டுத்தானா? இன்னுங் கொஞ்சம் வச்சுக்க" என்றாள் பரிமாறிய பெரியம்மா.

"வயிறு நெறைஞ்சிருச்சு பெரியம்மா. வாசம் மட்டும் போதும்" என்று எழுந்து கை கழுவப் போனேன்.