காது கணக்கில் வருமா?

கண்ணுகளா, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்காரும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். கல்யாண வீட்டுச் சவாரி ஒன்று ஒத்துக்கொண்டுவிட்டேன். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். "அப்பா, அந்தப் பொம்மைக் கெடா துலுக்குமா, துலுக்காதா?" என்று நீங்கள் கேட்காத நாள் இல்லை. நானும் "பாத்தாத் தெரியும் சாமி" என்று சொல்லி நழுவிக்கொண்டே இருக்கிறேன். உண்மையில் எனக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. படம் எடுத்த அன்றைக்கு நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் புரிய வேண்டும் அல்லவா, அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். எங்கள் ஊர் சேலத்துக்குத் தெற்கே, பனமரத்துப்பட்டி ஏரிக்கு அந்தப் பக்கம். நான் பத்தாவதோடு நின்றவன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். வேனில் பிள்ளைகள் எழுந்து எழுந்து ஆடாமல் இருப்பதற்காகக் கதை சொல்ல ஆரம்பித்தேன். அதில் சிலதை எழுதி அனுப்ப, சிறுவர் மாத இதழ் ஒன்று போட்டது. அப்படி வந்ததுதான் இந்தக் கிடாய்க் கதையும்.

எங்கள் பக்கம் குலசாமிக்குக் கிடாய் வெட்டும்போது ஒரு முறை உண்டு. முதலில் பூசாரி அதன் தலையிலும் முதுகிலும் தண்ணீர் ஊற்றுவார். கிடாய் உடம்பைச் சிலுப்பி உதற வேண்டும். அதைத்தான் துலுக்குவது என்கிறோம். துலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். துலுக்காவிட்டால் மறுபடி ஊற்றுவார்கள், கும்பிட்டுக் கேட்பார்கள். மூன்றாவது சொம்புக்கும் துலுக்கவில்லை என்றால் எங்கள் கோயிலில் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். அது வீட்டுக்குத் திரும்பிவிடும்.

நம் வீட்டு மேச்சேரி இனக் கிடாய்க்குத் தண்ணீர் ஊற்றியபோது நான்தான் கயிற்றைப் பிடித்திருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நின்று, துலுக்கக் கூடாது துலுக்கக் கூடாது என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டாவது சொம்புக்கே அது துலுக்கிவிட்டது. அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை. அப்புறம் ஒருநாள் வேனில் நான் சொன்ன கதையில் கிடாய் மூன்று சொம்புக்கும் கல்லு மாதிரி நின்றது. சின்னவன் மட்டும் "இது நெசமா?" என்று கேட்டான். கதைதான் என்றேன். அப்படியும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னான். இதழில் வந்த அந்தக் கதையை டிவிக்காரர்கள் பொம்மைகளை வைத்து எடுக்கப்போகிறார்கள் என்றதும், அங்கேயும் அது துலுக்காது இல்லையா என்றுதான் முதலில் கேட்டான். துலுக்காது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

சூட்டிங் நடந்த இடம் நாமக்கல்லுக்கு வெளியே, லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ரோட்டில். காலியாகக் கிடந்த ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். வந்து பாருங்கள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். காலை டிரிப்புக்கு மாற்று ஆள் போட்டுவிட்டுப் போனேன். சாயங்காலம் பள்ளி விடுவதற்குள் கேட்டில் நிற்க வேண்டும். பஸ் ஏறியதிலிருந்தே மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

உள்ளே போனால், நெஞ்சு உயரத்துக்கு ஒரு பலகை. அதற்கு மேலே குட்டிக் கோயில், குட்டி வேப்பமரம், சாணி மெழுகின மாதிரி பெயின்ட் அடித்த தரை. பலகைக்குக் கீழே ஆட்கள் முட்டி போட்டு உட்கார்ந்து, கையை மட்டும் மேலே தூக்கிப் பொம்மைகளை ஆட்டுகிறார்கள். அண்ணாந்து பார்ப்பதில்லை. தரையில் வைத்திருக்கும் சின்ன டிவியில் தங்கள் பொம்மை எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டே ஆட்டுகிறார்கள்.

நம் கிடாய் அங்கே இருந்தது. கொம்பில்லாமல், செம்மண் நிறத் துண்டுத் துணியில், இலை மாதிரி சின்னக் காதோடு அசல் மேச்சேரிக் கிடாயாகவே செய்திருந்தார்கள். நான் கிட்டே போனதும் அது என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தது. பிறகு என் சட்டைப் பையை மோந்தது. "தழை கொண்டாரலீங்களா?" என்றது. நான் என்னை அறியாமல் "இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. கையை உள்ளே விட்டிருந்தது ஒரு சென்னைப் பெண், இருபத்தைந்து வயது இருக்கும். நம்ம பேச்சை யூனிட்டில் லைட் பிடிக்கிறவரிடம் கற்றுக்கொண்டாளாம். அவர் மேச்சேரிக்காரர்.

அந்தப் பெண் என்னிடம் நன்றாகப் பேசினாள். பேசும்போதும் கிடாய் சும்மா இல்லை. மூச்சு விட்டது, கழுத்தைச் சாய்த்தது, ஈயை விரட்டியது. ஏன் அதை ஆட்டிக்கொண்டே இருக்கிறாய் என்று கேட்டேன்.

"கை நின்னா பொம்மை செத்துரும் சார். அதான் எங்களுக்கு முதல் பாடம்."

அப்படியானால் தண்ணீர் ஊற்றுகிற இடத்தை எப்படிச் செய்யப் போகிறாய் என்று கேட்டேன். அதற்குத்தான் காத்திருக்கிறேன் என்றாள் உற்சாகமாக. தண்ணீர் விழுந்ததும் கிடாய் நாய்க்குட்டி மாதிரி உதறுமாம், லைட்டில் துளிகள் பறக்குமாம், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்களாம்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. வெளியே போய் ரோட்டைப் பார்த்தேன். உள்ளே வந்தேன். மறுபடி வெளியே போனேன். என் செருப்புச் சத்தம் மைக்கில் விழுகிறது, கழற்றிவிடுங்கள் என்றார்கள். வெறுங்காலோடும் நடந்துகொண்டுதான் இருந்தேன். படித்தவர்கள் செலவு செய்து எடுக்கிறார்கள், வேன் ஓட்டுகிறவன் போய் அதைச் செய்யாதே இதைச் செய்யாதே என்று சொல்வதா என்று ஒரு யோசனை. வீட்டுக்குப் போய் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று இன்னொன்று.

கடைசியில் டைரக்டரிடம் போய்விட்டேன். என்னைவிடச் சின்னவர், மரியாதையானவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, கதையில் அசையாமல் நிற்கிறது என்றுதான் இருக்கிறது, ஆனால் அசையாத பொம்மையை டிவியில் காட்டினால் படம் நின்றுபோய்விட்டது என்று நினைப்பார்கள், முடிவில் கிடாய் வீட்டுக்குத்தானே போகிறது, அது மாறவில்லையே என்றார்.

"துலுக்குனா ஊட்டுக்குப் போவாதுங்க" என்றேன்.

ஸ்டூல் மேல் நின்று லைட்டைத் திருப்பிக்கொண்டிருந்த மேச்சேரிக்காரர் திரும்பிப் பார்க்காமலே, "ஆமாங்க சார். துலுக்குனா அப்பறம் கொழம்புதானுங்க" என்றார்.

டைரக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அந்த முறையை விளக்கிச் சொன்னேன். பாதியிலேயே அவர் நெற்றியைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். இது தெரியாமல் உதற விட்டிருந்தால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அழுதிருக்குமே என்றார். கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, இனி அசையக் கூடாது, ஆனால் சாகவும் கூடாது என்றார். அவள் கிடாயைத் தன் பக்கம் திருப்பி, "கேட்டியாடா?" என்று கேட்டாள். கிடாய் பரிதாபமாகத் தலையை ஆட்டியது.

கஷ்டம் என்னவென்றால், ஒத்திகை எத்தனை வேண்டுமானாலும் பார்க்கலாம், தண்ணீர் ஊற்றி ஒரு தரம்தான் எடுக்க முடியும். பொம்மைக்குள்ளே பஞ்சு. நனைந்தால் காய ஒரு நாள் ஆகும். சாயங்காலம் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும், ஷெட்டுக்காரருக்கு லாரி ஒன்று வேலைக்கு வருகிறது. அதுவும் போக, பக்கத்துப் பட்டறையில் தகடு அடிக்கிற சத்தம். அவர்கள் டீ குடிக்கிற நேரத்தில்தான் எடுக்கலாம்.

தண்ணீர் இல்லாமல் ஒத்திகை பார்த்தார்கள். அவள் கையை நிறுத்தியதும் கிடாய் கம்பியில் போட்ட துண்டாகிவிட்டது. டைரக்டர் உதட்டைப் பிதுக்கினார். மறுபடி. மறுபடி. ஒரு தடவை அவள் மணிக்கட்டை மட்டும் லேசாக ஏற்றி இறக்கி, கிடாயின் பார்வையைப் பூசாரியிடமிருந்து பக்கத்தில் நின்ற பிள்ளைப் பொம்மை பக்கம் மெல்ல, மிக மெல்லத் திருப்பினாள். உடம்பு அசையவில்லை. ஆனால் அதற்கு உயிர் இருந்தது. நான் எழுதியதில் அந்தப் பார்வை இல்லை.

பக்கத்தில் சத்தம் நின்றது. டீ வந்துவிட்டது. எல்லோரும் ஓடி அவரவர் இடத்தில் நின்றார்கள். நான் பலகையின் ஓரமாக, மேலேயும் கீழேயும் தெரிகிற இடத்தில் குந்தினேன்.

முதல் சொம்பு. தண்ணீர் கிடாயின் தலையில் விழுந்து கழுத்து வழியாக ஓடியது. நின்றது. கீழே அந்தப் பெண்ணின் முழங்கையிலிருந்து சொட்ட ஆரம்பித்தது. இரண்டாவது சொம்பு. கிடாய் பிள்ளையை மெல்லத் திரும்பிப் பார்த்தது. நின்றது. அவள் கண்ணை டிவியிலிருந்து எடுக்கவில்லை, பல்லைக் கடித்திருந்தாள். மூன்றாவது சொம்பு. தண்ணீர் முழுதும் வழிந்து முடிந்தது.

இடது காது ஒரு தரம் துடித்தது.

"துலுக்கிருச்சு" என்றார் மேச்சேரிக்காரர். கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டார், பாவம், பழக்கம்.

வாசலில் டீ டம்ளரோடு நின்ற ஷெட்டுக்காரர் விடவில்லை. "ஏனுங்க, காது கணக்குல வருமுங்களா? முதுகு சிலுப்போணும். எங்க கோயல்ல அதானுங்க மொற."

"எங்கூர்ல காதாட்டுனாலே போதுமுங்க."

"உங்கூர்ல கறிக்கு அவ்வளவு அவசரமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேச்சேரிக்காரரும் சிரித்தார், ஆனால் ஸ்டூலைவிட்டு இறங்கி வந்து, சாமி காரியத்தில் சிரிப்பென்ன, கேமராவில் போட்டுப் பாருங்கள் என்றார். மெட்ராஸ் ஆட்கள் இவர் வாயையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்கள். போட்டுப் பார்த்தார்கள். காது துடித்தது துடித்ததுதான். அதிலிருந்து ஒரு சொட்டு பறந்ததுகூடத் தெரிந்தது.

அந்தப் பெண் கிடாயைக் கையிலிருந்து கழற்றாமலே கீழே இருந்து சொன்னாள். "நான் ஆட்டலை சார். தண்ணி அக்குள் வரைக்கும் வந்துருச்சு. ஜில்லுனு இருந்துச்சு. அதுவா ஆடிருச்சு."

டைரக்டர் என்னைப் பார்த்தார். அந்த இடத்தை வெட்டிவிடலாம், ஆனால் மூன்று சொம்பும் ஒரே ஷாட், கிடாய் பிள்ளையைப் பார்க்கிற பார்வையும் அதோடு போய்விடும் என்றார். பிறகு, "கதை உங்களுது. நீங்க சொல்லுங்க. துலுக்கிச்சா, இல்லையா?" என்றார்.

கோயிலில் என்னை யாரும் கேட்கவில்லை. கூட்டம் சொன்னது, பூசாரி சொன்னார், நான் கயிற்றைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான். இங்கே எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். நனைந்த கிடாயும் பலகை மேலிருந்து பார்க்கிறது. பக்கத்தில் டீ முடிந்து யாரோ சுத்தியலை எடுக்கிற சத்தம் கேட்டது.

"துலுக்கல" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

"அப்பச் செரி, எழுதுனவரே சொல்லிட்டாரு. அவுத்துடுங்க" என்றார் மேச்சேரிக்காரர். மனசு ஒப்பிச் சொன்னாரா என்று தெரியவில்லை. லைட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த காட்சிக்கு நகர்ந்துவிட்டார். பூசாரிப் பொம்மை கயிற்றை அவிழ்க்கிற இடத்தை, தகடு அடிக்கிற சத்தத்தோடேயே எடுத்தார்கள். சத்தத்துக்கு மேல் மேளம் போட்டுக்கொள்ளலாமாம். அது முடிவதற்குள் நான் பஸ் பிடிக்க ஓடிவிட்டேன்.

ஆகையால் கண்ணுகளா, ஞாயிற்றுக்கிழமை அந்தக் காது ஆடும். பார்த்ததும் பயந்து எழுந்து ஓடாதீர்கள். துலுக்கவில்லையென்று அப்பா சொல்லிவிட்டேன், கிடாய் வீட்டுக்குப் போய்விடும். நான் சொன்னது சரியா என்று கேட்டால், பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையேதான் கேட்டுக்கொண்டு வந்தேன். ராசிபுரம் தாண்டியும் கேட்டேன், மல்லூரிலும் கேட்டேன். மனசு அடங்கவில்லை.

பள்ளி கேட்டுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். பிள்ளைகளை ஒவ்வொரு வீடாக இறக்கிவிட்டு, வேனைக் கழுவலாம் என்று நம் வீட்டுப் பின்னால் தொட்டியோரம் நிறுத்தினேன். நீங்கள் டியூசனுக்குப் போயிருந்தீர்கள். உங்கள் அம்மா சொசைட்டியில் பால் ஊற்றப் போயிருந்தாள். தை மாசம், பொழுது இறங்கியதும் தொட்டித் தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. சட்டையைக் கழற்றி வேன் கண்ணாடியில் மாட்டினேன். ஒரு மக்குத் தண்ணீர் மொண்டு, குனிந்து என் பிடரியில் ஊற்றிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்று பார்த்தேன். தண்ணீர் முதுகுத்தண்டில் இறங்கியதும் தோள் இரண்டும் தானாகச் சிலுப்பிக்கொண்டன.

இன்னொரு மக்கு மொண்டேன்.