கல்யாணம் முடியட்டும் என்று காத்திருந்த மனு

நவம்பர் 18, 2025, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். முந்தின நாள் செய்தித்தாளை மடித்து அடுக்கில் வைத்தேன். ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்தால்... ஏற்காட்டைக் காணோம்.

பனிதான். எதிர்வீட்டு கேட் பாதி தெரிந்தது. அதற்குப் பின்னால் வீடும் இருக்கிறது என்று நேற்றைய ஞாபகத்தில்தான் சொல்ல வேண்டும். சில்வர் ஓக் மரங்கள் இடுப்புக்கு மேல் இல்லாமல் நின்றன. காபி பறிக்கப் போகும் பெண்களின் பேச்சு மட்டும் ரோட்டில் நடந்து போயிற்று. ஆட்கள் கண்ணில் படவில்லை.

கார்த்திகை பிறந்தால் எங்கள் மலையில் திங்களும் செவ்வாயும் ஒரே நிறம். காலை பதினொன்றும் மாலை நாலும் ஒன்றுபோல் இருக்கும். யாரோ காலத்தைப் பஞ்சில் பொதிந்து பரண்மேல் வைத்துவிட்ட மாதிரி. நான் டைரியில் முதலில் தேதியையும் கிழமையையும் எழுதிவிடுவதைப் பார்த்து நண்பர்கள் ஒழுங்கு என்று பாராட்டுவார்கள். ஒழுங்கெல்லாம் இல்லை. எழுதாவிட்டால் அந்த நாள் பனிக்குள் இறங்கிப் போய்விடும் என்ற பயம்.

பள்ளிக்கூட அலுவலகத்தில் என் வேலையை முடித்துக்கொண்டு நாலரைக்கு வீடு திரும்பினேன். துணி மடித்தேன். ஐந்தே முக்காலுக்குத் தனம் வந்தாள்.

தனம் இங்கே ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். ஊர் மஞ்சக்குட்டை. சாயங்கால பஸ் வரும்வரை என் வீட்டில் ஒரு டம்ளர் காபி, கொஞ்சம் ஊர்க்கதை... இது பல வருடப் பழக்கம். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. வலது காதில் மெஷின் வைத்திருக்கிறாள். எதிரே உட்கார்ந்து பேசினால் பாதியைக் காதால் கேட்பாள், மீதியை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். ஃபைல் வேலையில் அவளை மிஞ்ச அந்த அலுவலகத்தில் ஆள் கிடையாது என்று அங்கே இருப்பவர்களே சொல்வார்கள்.

போன செப்டம்பரில் உதவியாளர் பதவி உயர்வு வந்தது. தனத்துக்கு வரவேண்டியது. அவளுக்கு ஜூனியரான ஒருவருக்குப் போய்விட்டது. சேலத்திலிருந்து வந்த உத்தரவில் காரணமும் எழுதியிருந்தார்கள். தொலைபேசியில் பேச இயலாதவர், ஆகவே உகந்தவர் அல்ல என்று. அந்த வாக்கியம் சேலத்தில் பிறந்ததல்ல. இங்கே இருக்கும் அவளுடைய அலுவலர் எழுதி அனுப்பிய குறிப்பிலிருந்து போனது.

மாற்றுத்திறனாளி என்ற ஒரே காரணத்துக்காகப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சென்னையில் இருக்கும் மேலிடத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கெடுவும் உண்டு. தனத்தின் பணி விதிப்படி, உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து இரண்டு மாதம். (எல்லாத் துறைக்கும் ஒரே கெடு இல்லை. உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவர்களுக்கோ இப்படி ஏதாவது இருந்தால், உங்கள் விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், திங்கட்கிழமை, அவள் அந்த உத்தரவைக் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அன்று என் வீட்டில் காபியைக் குடிக்காமலே போனதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கெடு இந்தச் சனிக்கிழமை. அன்று அலுவலகம் கிடையாது. ஆக, வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும்.

மனு எப்போதோ போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேச்சுவாக்கில் கேட்டேன்.

“இன்னும் குடுக்கலீங்க்கா,” என்றாள். “திங்கக்கிழமை காத்தால மொத வேலையா குடுத்தர்றேன்.”

கெடு தெரியாதா? நன்றாகத் தெரிந்திருந்தது. பின் ஏன்?

ஞாயிற்றுக்கிழமை அலுவலரின் மகளுக்குச் சேலத்தில் கல்யாணம்.

மனுவை நேராக மேலிடத்துக்கு அனுப்ப முடியாது. உரிய வழியாக, அதாவது அந்த அலுவலரின் கைவழியாகத்தான் போக வேண்டும். அவருடைய குறிப்பு தவறு என்று எழுதிய காகிதத்தை அவரிடமே நீட்ட வேண்டும். அதை எந்த வாரத்தில் நீட்டுவது? மாதக் கணக்கில் அலுவலகமே கல்யாணத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்ததாம். ஜவுளி, மண்டபம், சமையல்காரர்... கண்காணிப்பாளர் ஒருமுறை தனத்தைத் தனியாகக் கூப்பிட்டு, நல்ல மனதோடுதான், கல்யாணம் முடியட்டுமே என்றாராம். தனத்துக்கும் அது சரியாகவே பட்டிருக்கிறது.

“ஊட்டுக்கே வந்து பத்திரிகை வச்சாருங்க்கா. அந்தம்மாளும் வந்து சந்தனம் குங்குமம் குடுத்தாங்க. அவ்வளவு தூரம் வந்து கூப்பிட்டவங்க கையில கொண்டு போய் மனுவ நீட்டுனா... நல்லாவா இருக்கும்? அவரு பொண்ணுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா எம்மனசு என்ன பாடுபடும்?”

கெடு தாண்டிவிடுமே என்றேன்.

“ரெண்டு நாளுதானுங்களே. நல்ல காரியத்துக்காக நின்னது. கேட்டாங்கன்னா சொன்னாப் போச்சு.”

தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மன்னிக்க விதியில் இடம் இருக்கிறது, உண்மைதான். ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று எழுதலாம். அலுவலர் வீட்டில் முகூர்த்தம் என்று எழுத முடியுமா? சென்னையில் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து படிக்கிறவருக்குச் சந்தனத்தின் வாசனை எப்படித் தெரியும்?

ஜன்னலுக்கு வெளியே ஏரிப்பக்கம் ஒரு விளக்கு எரிந்தது. ஈரமான பருத்திக்குள் பொதிந்த மஞ்சள் பொட்டு மாதிரி. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால், உலகத்தில் எதற்கும் கடைசித் தேதி இல்லை என்றுதான் தோன்றும். இந்த ஊரில் இது ஒரு கஷ்டம்...

நாம் ஏன் மனுவையும் சண்டையையும் ஒன்றாக நினைக்கிறோம்? பக்கத்து மேஜைக்காரரிடம் நம் பேனாவைத் திருப்பிக் கேட்பதைச் சண்டை என்று சொல்வதில்லையே. எனக்கு வரவேண்டியதைக் கொடுங்கள் என்று எழுதிக் கேட்டால் மட்டும் முகம் முறிந்துவிடுமா? நான் இதையெல்லாம் சொன்னேன். தனம் என் உதட்டைக் கவனமாகப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“உங்களுக்கென்னங்க்கா. நீங்க எழுதிட்டு ஊட்டுக்குள்ள உக்காந்துக்குவீங்க. நாளைக்கு அவரு முன்னால நிக்கறது நானுங்களே.”

சரியான அடி. வாங்கிக்கொண்டேன். நானும் கூட வருகிறேன் என்றேன்.

அலுவலருக்கு வியாழன் முதல் லீவு. அப்படியானால் புதன்தான் இருக்கிறது. காபி டம்ளர்களை ஒதுக்கிவிட்டு மனுவை எழுத உட்கார்ந்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் வரியே இப்படி வந்தது: ‘தங்கள் இல்லத் திருமணம் இனிதே நடைபெற வாழ்த்தி வணங்கி எழுதிக்கொள்வது...’

பேனாவைக் கீழே வைத்தேன். வாழ்த்தை எடுக்க அவள் சம்மதிக்கப் பத்து நிமிடம் ஆனது. ‘வணங்கி’ மட்டும் இருக்கட்டும் என்று பேரம் பேசினாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அதற்குப் பிறகு வந்தது அத்தனையும் தெளிவு. மின்னஞ்சலில் எத்தனை வேலை பார்க்கிறாள், தொலைபேசி எடுக்க அந்தப் பிரிவில் வேறு யார் இருக்கிறார்கள், பதவி உயர்ந்தால் எந்த வேலையை எப்படிச் செய்வாள்... ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. கோபமும் இல்லை. கடைசியில், “இவ்வளவுதானுங்களா? இதுக்கா ரெண்டு மாசம் தூங்காம கெடந்தேன்?” என்றாள். அவளுடைய பஸ் போயிருந்தது. கடைசி ஜீப்பில் ஏற்றிவிட்டேன். ஜீப் பத்தடி போனதும் பனி அதன் பின்விளக்குகளை ஊதி அணைத்துவிட்டது.

மறுநாள், புதன்கிழமை. தபால் ஆபீஸ் திறந்ததும் கெடுவுக்குள் எழுதியதற்கு அத்தாட்சியாக ஒரு நகலை மட்டும் மேலிடத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பத்து மணிக்கு அவளுடைய அலுவலகத்துக்குப் போனோம். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். படியேறும் முன் தனம் ஒரு காரியம் செய்தாள். காதிலிருந்த மெஷினைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். யாராவது நல்ல வார்த்தை சொன்னால் மனசு மாறிடுமுங்க்கா என்றாள்.

உள்ளே நடந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். தபால் வாங்கும் பையன் மனுவின் தலைப்பைப் படித்துவிட்டு, காலண்டரைக் காட்டி என்னவோ சொன்னான். கண்காணிப்பாளர் எழுந்து வந்து கைகளை விரித்துப் பேசினார். தனம் இருவரையும் பார்த்து அன்போடு தலையாட்டினாள். நகலை நீட்டி, இங்கே சீல் வையுங்கள் என்று விரலால் காட்டினாள். அவன் சீல் வைத்துக்கொண்டிருக்கும்போதே அலுவலர் வந்துவிட்டார். நெற்றியில் விபூதி, கையில் இன்னும் ஒரு கட்டுப் பத்திரிகை. மனுவை வாங்கி, நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். அந்த இரண்டு பக்கமும் முடிவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. நவம்பர் மாதத்தில், ஏற்காட்டில்.

அவர் நிமிர்ந்து அவளிடம் மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. தனம் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்ன சொன்னார் என்று அவள் தோளைத் தொட்டுக் கேட்டேன்.

“‘இதை முன்னமே குடுத்திருக்கலாமேம்மா’ன்னாருங்க்கா.”