நாற்காலி அடுக்குகிறவர்

கூட்டம் முடிந்து ஜனங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் மாஸ்டர் முதல் வரிசை நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிவிட்டார். மைத்துனன் பல்லைக் கடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வருவதற்குள் இரண்டாவது வரிசையும் காலி.

“மச்சான், இதுக்குன்னு வாடகைக்கடைக்காரன் ஆள் அனுப்பியிருக்கான். நீங்க வேட்பாளர். போய் நாலு பேர்கிட்ட பேசுங்க.”

“பேசிக்கிட்டேதான் அடுக்கறேன், மாப்ளே.”

அதுவும் பொய்யில்லை. மேடையில் நிற்கிற மனிதரிடம் சொல்லக் கூச்சப்படுகிற விஷயங்களை, பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவரிடம் ஜனங்கள் கூடவே நடந்து சொல்லிவிடுகிறார்கள். குழாயில் தண்ணீர் வராததில் ஆரம்பித்து மருமகள் கோபித்துக்கொண்டு போனது வரைக்கும் எல்லாம் வந்துவிடும். மாஸ்டர் “அப்படியா”, “அடடா”, “பாக்கறேன்” என்று மூன்று சொற்களில் பதில் சொல்வார். “செஞ்சு தர்றேன்” என்ற நான்காவது சொல் அவருக்கு வாயில் வராது. அரசியலில் அது பெரிய ஊனம்.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். தொகுதியில் ஸ்டியரிங் பிடிக்கிறவர்களில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தவர்கள். பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கம் போகவில்லை. பிரச்சார வண்டியில் போகும்போது, திருப்பம் வந்தால் வலது கால் தானாக வெறும் தரையை மிதிக்கும். “ஓட்டச் சொல்லிக் குடுத்தவருக்கு ஓட்டுப் போட மாட்டோமா மாஸ்டர்?” என்று தெருவுக்கு ஒருவராவது கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்கிறவர் மாதிரியே சிரிப்பார். சிரித்துவிட்டு இரண்டு தேர்தலில் தோற்றும் இருக்கிறார்.

எதிர்க்கட்சிக்காரரிடம் கொடுக்க எதுவும் இருக்காது, போக மட்டும்தான் முடியும் என்பது அவர் கணக்கு. அதனால் எந்த வீட்டில் சாவு என்றாலும் போவார். இப்போதைய சட்டமன்ற உறுப்பினரும் வருவார், போட்டோ எடுத்து முடிகிறவரை இருப்பார். மாஸ்டர் நாற்காலிகள் வண்டியில் ஏறுகிறவரை இருப்பார். ஆனால் அவர் அவற்றில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஓட்டுக் கேட்கப் போகிற வீடுகளிலும் நிலைப்படிக்கு வெளியேதான் நிற்பார். உட்கார்ந்தால் அடுத்த வீடு தவறிப்போகும் என்ற கவலை. “எல்லாருக்கும் நாற்காலி எடுத்துப் போடறாரு, இவருக்குத்தான் ஒண்ணு கிடைக்க மாட்டேங்குது” என்று ஆளுங்கட்சிப் பேச்சாளர் கிண்டலடித்தபோது, கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டர்தான் முதலில் சிரித்தார்.

இப்போது பயிற்சிப் பள்ளியை நடத்துவது மனைவி. கியர் மாற்றத் தெரியாதவர்களிடம் பொறுமையாக இருந்துவிட்டு, மிச்சமிருக்கிற கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். “மூணாவது தடவை நிக்கறதுக்கு நான் குறுக்கே வரல. நாலாவதுன்னு ஒண்ணு கிடையாதுங்க” என்று அவர் சொன்னது மிரட்டல் இல்லை, தகவல். மாஸ்டருக்கும் அது தெரியும். இந்தத் தேர்தல் போனால் மறுபடியும் பக்கத்து சீட் பிரேக்தான்.

நோட்டீஸ் அடித்தது மைத்துனன். மாஸ்டர் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘உங்களை மறக்காதவர்’ என்று போட்டிருந்தான். படத்தில் அவர் எதையோ ஞாபகப்படுத்திப் பார்க்கிறவர் மாதிரி விழித்துக்கொண்டிருந்தார். வாசகம் என்னவோ எடுபட்டுவிட்டது.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் காலை அச்சகத்துக்குப் பின்னால் இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனார்கள். போன தடவை கையை விட்டுப் போன கட்டடம் அது. இந்தத் தடவை அது வந்தால் தொகுதியே வரும் என்று மைத்துனன் சொல்லிக்கொண்டிருந்தான். மாடிக்கு மாடி முகம் மலர்ந்துதான் கதவு திறந்தார்கள். மூன்றாவது மாடியில் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார்.

“என்னக்கா, நல்லா இருக்கீங்களா? அண்ணன் எங்க, டூட்டியா?”

தையல்காரம்மா அவரைப் பார்த்தார். பின்னால் நின்ற கட்சிக்காரர்களையும் பார்த்தார். ஒரு நூல் பிசிறைப் புடவையிலிருந்து எடுத்துப் போட்டார்.

“ஆமா மாஸ்டர். டூட்டிதான்.”

“வந்தா கேட்டேன்னு சொல்லுங்க.” நோட்டீஸைக் கொடுத்துவிட்டு மாஸ்டர் அடுத்த கதவுக்குப் போனார்.

கீழே இறங்கி வந்தபோது மாடிப்படிக்கு அடியில் ஒரு சைக்கிள் தெரிந்தது. சீட்டுக்குப் பாலிதீன் பை கட்டி, இரண்டு டயரிலும் காற்று இறங்கி, சுவரில் சாய்ந்திருந்தது. மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தி மிதித்தது.

அந்தச் சைக்கிளை அங்கே தள்ளி வைத்ததே அவர்தான். போன மழைக்காலத்தில், சாவு வீட்டுக்கு நாற்காலி போட இடம் வேண்டும் என்று. சைக்கிளின் சொந்தக்காரரான அந்த அண்ணன்தான் அன்று மூன்றாவது மாடியில் படுக்க வைக்கப்பட்டிருந்தார்.

மாஸ்டருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. விஷயத்தைக் கேட்ட மைத்துனன் சைக்கிளையும் மேல்மாடியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அரசியல்வாதி ஆனான்.

“மச்சான், அந்தம்மாவே உங்க மானத்தைக் காப்பாத்தி விட்டுட்டாங்க. இப்படியே வந்துருங்க. மேல போய் நீங்க கண்ணைக் கசக்கினா நாலு மாடிக்கும் தெரிஞ்சிரும். மறக்காதவரு லட்சணத்தைப் பாருன்னு சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். நீ இங்கயே இரு.”

கதவு சாத்தியிருக்கவில்லை. தையல்காரம்மா மிஷினில் ஒரு பள்ளிச் சீருடைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் வழக்கம்போல நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

“தப்புப் பண்ணிட்டேன்கா.”

மிஷின் அந்தக் கையின் தையல் முடிகிறவரை ஓடி நின்றது.

“அன்னிக்கு எல்லாரும் போனப்புறமும் இருந்தீங்க. அதான் பத்து பேர் முன்னாடி சொல்ல வேணாம்னு விட்டேன்.”

“எனக்கு எப்படி மறந்துச்சுன்னே தெரியல.”

“விடுங்க மாஸ்டர்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “டூட்டியான்னு நீங்க கேட்டதும் ஆமான்னு வாயில வந்துடுச்சு. ஒரு நிமிஷம் எனக்கே நல்லாத்தான் இருந்துச்சு. சாயங்காலம் வந்துருவாருங்கற மாதிரி.”

இதற்கு மூன்று சொற்களில் எதைச் சொல்வது? அப்படியா, அடடா, பாக்கறேன், எதுவும் உதவவில்லை. கீழே ஹாரன் சத்தம் கேட்டது. தையல்காரம்மாதான், “கூப்பிடறாங்க பாருங்க, போய்ட்டு வாங்க” என்று அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் அதே குடியிருப்பின் மைதானத்தில் கூட்டம். தலைமை தாங்கியவர் “உங்களை மறக்காதவர்!” என்று முழங்க, கைதட்டல் எழுந்தது. மாஸ்டர் மைக் முன்னால் வந்து கையைக் காட்டி அதை அடக்கினார்.

“நோட்டீஸ்ல அப்படித்தான் போட்டிருக்கு. இன்னிக்கு ஒரு வீட்ல, செத்துப்போனவரை டூட்டிக்குப் போயிருக்காரான்னு கேட்டுட்டேன். அந்தச் சாவுக்கு நானே போயிருந்தேன். இத்தனை சாவுக்குப் போனவனுக்கு எது யாரோட சாவுன்னே கலந்துபோச்சு. அதனால அந்த வரியை நம்பி யாரும் எனக்கு ஓட்டுப் போட வேணாம். இனிமே தண்ணியைப் பத்திச் சொல்லப்போறேன். அதை நம்பினா போடுங்க.”

பின்வரிசையில் ஒருத்தர் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் முறைத்ததும் அடங்கினார். மைத்துனன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். அதன்பிறகு தண்ணீரைப் பற்றி மாஸ்டர் பேசியது நன்றாகத்தான் இருந்தது. கைதட்டல் மட்டும் தயங்கித் தயங்கி வந்தது. அது ஓட்டாகுமா என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.

கூட்டம் கலைந்தது. மாஸ்டர் அடுக்க ஆரம்பித்தார். இன்றைக்கு யாரும் கூட நடந்து வந்து கதை சொல்லவில்லை. மைத்துனன் வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டான்.

கடைசி வரிசையில் தையல்காரம்மா மட்டும் மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாஸ்டர் அடுக்கோடு பக்கத்தில் வந்ததும், எழுந்துகொள்ளப் பார்த்தார்.

“இதுக்காகத்தான் நிக்கறீங்களா? எடுத்துக்குங்க மாஸ்டர்.”

“நீங்க உக்காருங்கக்கா.”

அடுக்கின் மேலே இருந்த நாற்காலி கீழே இருந்ததோடு கெட்டியாகச் சிக்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் அதை ஆட்டிப் பிடுங்கி எடுத்து, அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“அண்ணனைப் பத்திச் சொல்லுங்க” என்றார்.

தெருவில் மைத்துனன் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிறதென்று ஹாரன் அடித்தான். மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, நீ போ என்பதுபோல அசைத்துவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.