ஹோல்கரின் ஆப்பிள்

நாடகம் ஏழரைக்கு என்றால் ஹோல்கர் ஐந்தரைக்கே ஒப்பனை அறைக்கு வந்துவிடுவார். அந்தத் துறைமுக நகரின் அரங்கில் முப்பத்தொரு வருடமாக மாதச் சம்பள நடிகர். வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைப்பார். பிறகு ஆப்பிள். சிறு கத்தியால் தோலை அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவிக்கொண்டே, அன்றைய வேடத்தின் மிக நீளமான வசனத்தை முணுமுணுப்பார். தோல் முழுதாகக் கழன்று விழும்போது வசனமும் முடிந்திருக்கும். அதன்பின் பாதிப் பழம் அவருக்கு, பாதி ஆன்ட்யேவுக்கு.

ஆன்ட்யே அவருக்கு உடை மாட்டிவிடுபவள். பத்தொன்பது வருடமாக அந்தப் பாதியைத் தின்று வருகிறாள்.

போன சனிக்கிழமை அவர் நடு மேடையில் வசனம் மறந்து நின்றுவிட்டார். இன்னொரு முறை நின்றால் வேடம் வேறு ஆளுக்கு என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

இன்று அவர் எடுத்த முதல் ஆப்பிளின் தோல் மூன்று துண்டாக விழுந்தது.

"இன்னொண்ணு எடு. இது அழுகல்."

"கடைக்காரன் உங்க தலையில கட்டிட்டானா?" என்றாள் ஆன்ட்யே. பழத்தில் அழுகல் இல்லை.

இரண்டாவதில் தோல் முழுதாக வந்தது. ஆனால் வசனம், கடலுக்குப் போன மகனின் படகு திரும்பும் இடத்திலேயே நின்றுபோனது. "படகு... படகு..." என்றார். மூன்றாவதை எடுத்தார். அதிலும் அதே இடம்.

"ரைமுண்ட்கிட்ட சொல்லட்டுமா? முடியலன்னு..." என்றாள் ஆன்ட்யே.

"சொன்னா நாளைக்கு இந்தக் கதவுல வேற பேரு தொங்கும். நீ பித்தானைப் போடு."

மேடைப் பொறுப்பாளர் ரைமுண்ட் கதவைத் திறந்தார். எல்லா இரவும்போல ஹோல்கரின் இடது தோளுக்கு மேல் மூன்று முறை துப்புவதுபோலச் செய்து, "தோய், தோய், தோய்!" என்று வாழ்த்தினார். அதற்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். சொன்னால் அன்றைய ஆட்டம் கெட்டது என்பது அரங்கில் கதவு துடைப்பவருக்கும் தெரியும்.

"நன்றி, ரைமுண்ட்," என்றார் ஹோல்கர்.

ரைமுண்டின் முகம் மாறியது. "என்ன சொன்னாரு?"

"இருமினாருங்க," என்றாள் ஆன்ட்யே. "தொண்டை கட்டியிருக்கு."

ரைமுண்ட் அவளையே சிறிது நேரம் பார்த்துவிட்டுப் போனார். ஹோல்கர் அவள் கையை ஒரு தடவை அழுத்தினார்.

ஹோல்கர் மேடைக்குப் போனபின் அறைச் சுவரில் இருந்த ஒலிபெருக்கியில் மேடைக் குரல்கள் வந்தன. மேசையில் தோல் சீவிய மூன்று பழங்களும் பழுப்பேறிக் கிடந்தன. நீளமான வசனம் தொடங்கியதும் ஆன்ட்யே நான்காவது ஆப்பிளை எடுத்து, அவர் குரலோடு சேர்ந்து சீவினாள். தோல் சுருண்டு நீண்டது.

"அந்தப் படகு..." என்றது குரல்.

கத்தி நின்றது. யாரோ இருமினார்கள். வசனம் எடுத்துக் கொடுப்பவளின் கிசுகிசுப்பு கேட்டது. மறுபடியும் கேட்டது. பிறகு இன்னும் சத்தமாக. கடைசியில் திரை இறங்கும் கரகரப்பு.

ஆன்ட்யே கத்தியை வைத்துவிட்டு, சுவர்க் கொக்கியிலிருந்து அவருடைய சொந்தக் கோட்டை எடுத்துக் கதவருகே போய் நின்றாள்.