தையல் வெளியே தெரிந்த பனியன்

கோவைப் பொருட்காட்சிக்குக் கிளம்பும் அவசரத்தில் மனைவி கூப்பிட்டாள். "ஏனுங்க, பாப்பா பனியனை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டிருக்குதுங்க. தையல் குத்துதாம்."

சின்ன வயதில் எனக்கும் குத்தியது. கோவைப் பொருட்காட்சிக்குப் போட்டுக்கொள்ள, அப்பா திருப்பூரில் தான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் மிஞ்சிய மஞ்சள் பனியனைக் கொண்டுவந்தார். சாய வாசம் மூக்கில் ஏறியது. "கூட்டத்துல தொலைஞ்சாலும் பளிச்சுனு தெரியும் கண்ணு" என்றார். பஸ்ஸிலேயே அதை உள்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அம்மா திட்டினாள்.

அங்கே போனால் ராட்டினத்தடியில் ஏகப்பட்ட மஞ்சள் பனியன்கள். திருப்பூர்க்காரர்கள் எல்லோருக்கும் அதே யோசனை! அப்பா ஒரு கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். "நீங்க யாருங்க?" என்று அந்தப் பையன் அலறிய பிறகுதான் குனிந்து பார்த்தார்.

நான் பஜ்ஜிக் கடையருகே அழுதுகொண்டு நின்றேன். அம்மா அத்தனை மஞ்சளையும் தாண்டி நேராக என்னிடம் ஓடிவந்து அணைத்துக்கொண்டாள்.

"தையல் வெளிய தெரிஞ்சுது கண்ணு. அதுலதான் கண்டுபுடிச்சேன்."

"மாத்திப் போட்டுடட்டுங்களா?" மனைவி மறுபடி கேட்டாள்.

"வேண்டாம். இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். அப்படியே இருக்கட்டும்" என்றேன்.