கறுப்புக்குள் போன பெயர்

கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்தில் வேலையை முடிப்பவன் கெட்டிக்காரன் என்று ஐம்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். போன வருடம் மழைக்காலத்தில், கோவையில், அந்த நம்பிக்கை போயிற்று.

என் தங்கை ஓவிய டீச்சர். கறுப்பு மையில் மட்டுமே வரைவாள். பள்ளி ஆண்டு மலர், கோயில் நோட்டீஸ், சொந்தக்காரர்களின் கல்யாணப் பத்திரிகை என்று ஊருக்கெல்லாம் வரைந்து கொடுத்தாள். எதிலும் அவள் பெயர் வந்ததில்லை. நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுத்தபோது, படங்களைப் புத்தகமாகப் போடலாம் என்றேன். நாலு புத்தகம் படித்தவனுக்குப் புத்தகம் போடவும் தெரியும் என்பது என் எண்ணம்.

“பேரு பெருசா வேண்டாண்ணா. கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும். இதையாச்சும் ஒழுங்காச் செஞ்சுபோடு” என்றாள்.

அட்டைக்கு, மதுக்கரையில் அவள் வீட்டு ஜன்னலில் தெரியும் இரவு. முழுக்கக் கறுப்பு, தூரத்தில் சில விளக்குப் புள்ளிகள். மேலே அவள் பெயரை வெள்ளை எழுத்தில் வைத்து லேப்டாப்பில் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பின்னட்டையில் மஞ்சள் பட்டைமேல் கறுப்பில் சிறு குறிப்பு. காந்திபுரத்து அச்சகக்காரர், “கறுப்பு எழுத்துக்கு ஓவர்பிரிண்ட் போட்டுருங்க. மஞ்சள் மேலயே கறுப்பு உழுந்துரும், ஓரத்துல வெள்ளை தெரியாதுங்க” என்றார். நான் கறுப்பா வெள்ளையா என்று பார்க்காமல் அட்டையிலிருந்த எல்லா எழுத்துக்கும் போட்டுவிட்டேன். அச்சில் வெள்ளைக்கு மை கிடையாது. அந்த இடத்தில் கறுப்பை அடிக்காமல் விட்டால்தான் வெள்ளை. ஓவர்பிரிண்ட் போட்டால் கறுப்பு அதையும் சேர்த்து மூடிக்கொள்ளும். திரையில் பார்த்தால் பெயர் பளிச்சென்றுதான் இருந்தது.

“சாம்பிள் ஒண்ணு எடுத்துப் பாத்துரலாமுங்களா?”

ஆஸ்பத்திரி அவசரம் எனக்கு. “நான் பாத்தாச்சுங்க.”

புத்தகக் கட்டைப் பிரிக்காமலே கொண்டுபோனேன். அவளே முதலில் பார்க்கட்டும் என்ற நாடக ஆசை வேறு. அட்டையைப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தும் பார்த்தாள். அவள் வரைந்த விளக்குகள் அப்படியே இருந்தன; நான் வைத்த பெயர்தான் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவினாள்.

“கறுப்பு நல்லா வந்திருக்குதுண்ணா” என்றாள்.

அட்டையை மட்டும் மறுபடி அடிக்கச் சொன்னேன். அது காய்வதற்குள் அவள் போய்விட்டாள். கருமாதிக்கு வந்தவர்களுக்கெல்லாம் பெயரோடு புத்தகம் கொடுத்தோம். வந்தவர்கள் எல்லோரும் அந்தப் பெயரைப் படித்தார்கள். அதை அச்சில் படிக்க ஆசைப்பட்டவள் ஒருத்திதான் படிக்கவில்லை.

இன்றும் கறுப்பு அட்டைப் புத்தகம் எது கைக்கு வந்தாலும் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்கிறேன். உள்ளே யார் பெயராவது அடைபட்டுக் கிடக்குமோ என்று ஒரு பயம்.

கருமாதி அன்று, மனசு தாங்காமல் தங்கை மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். மிச்சப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்:

“அம்மா அப்பவே சொல்லுச்சுங்க மாமா. ‘மாமன் கையில குடுத்திருக்கேன், எதாச்சும் ஒண்ணு உட்டுப்போகும், நீ ஒருக்காப் பாத்துக்க கண்ணு’ன்னு. நானும் பாக்காம உட்டுட்டேனுங்க.”