பச்சை நைட்டியும் பூவரசு ஆந்தைகளும்

தினமும் காலையில் பால் பொங்குவதற்குள் ராஜியின் பறவை என் போனுக்கு வந்துவிடும். ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லும் கூட்டத்தின் நடுவே, அவள் மட்டும் தன் வீட்டுத் தோட்டத்தில் எடுத்த ஒரு தேன்சிட்டையோ தவிட்டுக்குருவியையோ அனுப்புவாள். அன்றைக்கு எதுவும் வரவில்லை. சிக்னல் இல்லையோ என்று எங்கள் முதுநகர் வீட்டு மாடி வரைக்கும் ஏறிப் பார்த்தேன். இறங்கும்போது அவள் மகன் செந்தில் கூப்பிட்டான். "சித்தி, அம்மா எழுந்திருக்கல" என்றான். தூக்கத்திலேயே போய்விட்டிருக்கிறாள். யாருக்கும் கஷ்டம் கொடுக்காத சாவு என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எனக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

ராஜலட்சுமியை உங்களில் பலருக்குத் திருப்பாதிரிப்புலியூர் அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்த்தவளாகத் தெரியும். சிதம்பரத்திலிருந்து ரயிலில் வருவாள். முதலில் அவள் குரல் மாடிப்படி ஏறும், பின்னால்தான் அவள் ஏறுவாள். அப்படிப்பட்டவள் ஓய்வு பெற்ற பிறகு, மகன் வாங்கிப் போட்டுவிட்டு மறந்துபோன கேமராவை எடுத்துக்கொண்டு, வாயே திறக்காமல் தோட்டத்தில் நிற்கிறாள் என்று கேள்விப்பட்டபோது நான் நம்பவில்லை. நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் சிதம்பரத்துக்குக் கிளம்பினேன். கோயிலுக்கும் போகலாமே என்று கனகாம்பர நிறப் பட்டுச்சேலை வேறு கட்டிக்கொண்டு போனேன்.

கொல்லையில், துவைக்கிற கல்லை ஒட்டி, வெளுத்துப்போன ஒரு பச்சை நைட்டியில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் வரவேற்பு கிடைக்கும் என்று நினைத்தேன்.

"அடிப்பாவி, உன் சேலையப் பாத்து குக்குறுவான் பறந்தே போச்சு. காலையிலேர்ந்து நிக்கிறேன்டி. போ, உள்ள போய் உக்காரு."

காபி குடிக்கும்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். புதிதாக எதை உடுத்திக்கொண்டு வந்தாலும் பறவைகள் பறந்துவிடுகின்றனவாம். இந்த நைட்டி ஒன்றுக்குத்தான் அவை அஞ்சுவதில்லை. மகன் வாங்கித் தந்த புது நைட்டிகள் மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடந்தன. "பறவைங்க நமக்குப் பழகணும்னு நெனைக்கக் கூடாதுடி. நாமதான் அதுங்களுக்குப் பழகணும். கொஞ்ச நாள் ஆவும், ஆவட்டுமே" என்றாள். அலுவலகத்தில் ஒரு கையெழுத்து தாமதமானால் ஊரைக் கூட்டுகிறவள் சொன்ன வார்த்தை இது.

அவள் எடுத்த படங்களில் ஒன்றை என்னால் மறக்கவே முடியாது. நந்தியாவட்டைச் செடியில் தையல்சிட்டு கட்டிய கூடு. ஒரு பெரிய இலையை மடக்கி, ஓரத்தில் ஓட்டை போட்டு, நூல் கோத்துத் தைத்திருந்தது. "நூலப் பாரு" என்று படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். வெளுத்த பச்சை நூல். கொடியில் காய்ந்த அவளுடைய நைட்டியின் கிழிந்த ஓரத்திலிருந்து உருவிக்கொண்டு போயிருக்கிறது! என் கட்டைவிரல் அளவுகூட இல்லாத ஒரு ஜீவன், கையில்லாமல், ஊசியில்லாமல், மூக்கால் தைத்த தையல். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கொல்லையின் மூலையில் ஒரு பழைய பூவரசு மரம். அதன் பொந்தில் ஒரு ஜோடிப் புள்ளி ஆந்தை குடியிருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற உருவம், உருட்டி விழிக்கும் மஞ்சள் கண். சில வருஷங்களுக்கு முன் ராஜியின் கணவர் கோவிந்தன் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, அந்தி சாயும் நேரத்தில் அவை கத்தின. அக்கம்பக்கத்தார் முகம் வெளிறிப்போனது. ஆந்தை ஒற்றைக் குரல் கொடுத்தால் சாவு, இரட்டைக் குரல் கொடுத்தால் நல்ல சேதி என்று நம் பக்கத்தில் ஒரு கணக்கு உண்டல்லவா? ராஜி அழுதுகொண்டிருந்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நல்லா காது குடுத்துக் கேளுங்க. ஒண்ணு ஆரம்பிச்சா இன்னொண்ணு உடனே சேர்ந்துக்கும். அதுங்க ஒத்தையா கத்தி நான் கேட்டதே இல்ல. எங்க வீட்டுக்கு எப்பவும் நல்ல சேதிதான்."

அண்ணன் பிழைத்து வந்தார். டாக்டரைப் பாராட்டினார்கள், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தார்கள். ஆந்தைக்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

ஆனால் ராஜி போனதும் பழி மட்டும் சரியாக அதன் தலையில் விழுந்தது. "நாலு நாளா கத்திக்கிட்டே இருந்துச்சே" என்றார்கள் சொந்தக்காரர்கள். செந்திலின் மனைவி மாசமாக இருக்கிறாள். பச்சைக் குழந்தை வரப்போகிற வீட்டில் ஆந்தை ஆகாது, மரத்தை வெட்டிவிடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். செந்திலைக் குறை சொல்ல மாட்டேன். தாயைப் பறிகொடுத்தவன், பிள்ளையை நினைத்துப் பயந்துவிட்டான். காரியத்தன்று மதியம் என்னிடம் வந்து, "அம்மாவ எடுத்த அன்னைக்கு மேளம், வேட்டுச் சத்தத்துக்கு அதுங்களே போயிடுச்சு சித்தி. அன்னையிலேர்ந்து யாரும் பாக்கல. காலி மரம்தானே, காலைல ஆள் வராங்க" என்றான்.

சாவதற்கு முந்தின வாரம்தான் ராஜி போனில் சொல்லியிருந்தாள்: "பொந்துக்குள்ள குஞ்சு சத்தம் கேக்குதுடி. வெளிய தலை நீட்டட்டும், மொதப் படம் உனக்குத்தான்." அதைச் செந்திலிடம் சொன்னேன். கண்ணால் பார்க்காமல் எப்படி நம்புவது என்றான். அவன் கேட்டதும் நியாயம்தான்.

பந்தி முடிந்த கூடத்தை யாரோ துடைத்துக்கொண்டிருந்தார்கள். கையில் இருந்த துணி அந்தப் பச்சை நைட்டி. பிடுங்காத குறையாக வாங்கினேன். அலசிப் பிழிந்து வெயிலில் போட்டேன். பொழுது சாயும் நேரத்தில் சேலைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு கொல்லையில் போய், துவைக்கிற கல்லை ஒட்டி நின்றேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிலர் நினைத்திருப்பார்கள். கதவோரத்தில் அண்ணனும் செந்திலும் நின்றார்கள். கொசு பிடுங்கியது. நான் அசையவில்லை.

வெளிச்சம் மங்கும்போது பொந்தில் ஒரு தலை தெரிந்தது. மஞ்சள் கண் நேராக என்னைப் பார்த்தது. தலையை மேலும் கீழும் ஆட்டி அளவெடுத்தது. பிறகு கிளைக்கு வந்து உட்கார்ந்தது. எங்கிருந்தோ அதன் ஜோடி வாயில் ஒரு பூச்சியோடு சத்தமே இல்லாமல் வந்து பக்கத்தில் அமர்ந்தது. அப்புறம் பொந்திலிருந்து பஞ்சு உருண்டையாக ஒரு குஞ்சு எட்டிப் பார்த்தது. எனக்குக் கண்ணீர் கொட்டியது. துடைக்கக் கையைத் தூக்கினால் பறந்துவிடுமே என்று அப்படியே விட்டுவிட்டேன். என்னை ராஜி என்று நினைத்தனவா, நைட்டியை மட்டும் நம்பினவா, அவற்றுக்குத்தான் தெரியும். பிறகு இரண்டும் சேர்ந்து கத்தின.

கோவிந்தன் அண்ணன் மெல்லச் சொன்னார். "ரெண்டாத்தான்டா கத்துது, செந்திலு. காலைல வரவங்கள வேணாம்னு சொல்லிடு."

செந்தில் உள்ளே போய்விட்டான்.

மறுநாள் முதுநகரில் அடுப்பில் பால் வைத்திருந்தேன். போன் சத்தம் கொடுத்தது. ராஜியின் எண். திறந்து பார்த்தேன். கிளையில் இரண்டு ஆந்தை, பொந்தில் ஒரு குஞ்சு. எல்லாம் மங்கல். முன்னால் பச்சை நைட்டியில் என் முதுகு மட்டும் பளிச்சென்று விழுந்திருந்தது. கீழே செந்தில் எழுதியிருந்தான்: "மரம் இருக்கு சித்தி. அம்மா அளவுக்கு எடுக்க வரல." பால் பொங்கி வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை.

உங்களிடம் அவள் அனுப்பிய படங்கள் இருக்கும், பத்திரமாக வைத்திருங்கள். என்னிடம் அந்த நைட்டி இருக்கிறது. காலையில் அதை மாட்டிக்கொண்டு என் வீட்டு முருங்கை மரத்தடியில் போய் நிற்கிறேன். முதுநகர் மைனாக்களுக்கு ராஜியையும் தெரியாது, நைட்டியையும் தெரியாது. என்னைக் கண்டதும் பறந்துவிடுகின்றன. நான் நிற்கிறேன். கொஞ்ச நாள் ஆவும், ஆவட்டுமே.